அறைக்கு ஒரு படம்: அருளாளர் ஆஞ்சலிக்கோவும் நம் இல்லங்களும்



புதுவீடு மந்திரிக்கப் போகும்போதெல்லாம் என்னிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. திருஇருதய ஆண்டவர் படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்பதே அது. அண்மையில் ஒரு வீட்டில் அந்தக் கேள்வி வேறு விதமாக வந்தது. கூடத்துச் சுவருக்குப் புது வண்ணம் அடித்து, அதற்குப் பொருத்தமாக ஓர் அழகிய அச்சுப்படத்தைச் சட்டமிட்டு மாட்டியிருந்தார்கள். பொன்னிறப் பின்னணியில் சிறிய மேளம் ஒன்றைத் தட்டிக்கொண்டிருக்கும் வானதூதர் படம் அது. பாட்டி காலத்துத் திருஇருதயப் படமோ பழைய சேலையில் சுற்றப்பட்டுப் பரணில் கிடந்தது. அதை என்ன செய்வது என்று வீட்டம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். புதுப் படத்தை வரைந்தவர் யார் என்று நான் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கடையில் பார்த்தோம், பிடித்திருந்தது, வாங்கிவிட்டோம் என்றார்கள்.

அதில் தவறொன்றும் இல்லை. நல்ல படம் ஒன்று நம்மைத் தன்பக்கம் இழுப்பது இயல்புதான். ஆனால் அந்தப் படத்தை வரைந்தவர், வீட்டுச் சுவரில் படம் எதற்கு என்ற கேள்விக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாகத் தந்தவர். அவர்தான் ஃபிரா ஆஞ்சலிக்கோ. பிப்ரவரி 18ஆம் நாள் திருச்சபை நினைவுகூரும் அருளாளர். அவரை நம் இல்லங்களுக்கு அறிமுகம் செய்து வைக்க விரும்புகிறேன்.

இத்தாலி நாட்டின் ஃபிளாரன்ஸ் நகருக்கு வடக்கே முஜெல்லோ என்னும் மலைப்பகுதி உள்ளது. அங்கே விக்கியோ என்ற ஊருக்கு அருகில், ஏறக்குறைய 1395ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் குயிதோ. இளமையிலேயே ஓவியத் தொழிலைக் கற்றுத் தேர்ந்தார். 1417ஆம் ஆண்டில் ஃபிளாரன்சில் புனித நிக்கோலாஸ் பெயரால் இயங்கிய பக்த சபை ஒன்றில் அவர் சேர்ந்தபோது, ஓவியர் என்றே பதிவாகியிருக்கிறார். பணமும் பெயரும் தேடிவரக்கூடிய தொழில் அது. செல்வம் கொழித்த அந்நகரில் வணிகர்களும் தொழிற்சங்கங்களும் கோவில்களும் ஓவியர்களைப் போட்டி போட்டு அழைத்த காலம்.

கைநிறையச் சம்பாதிக்கும் வயதில் அவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் துறவியானார். ஃபிளாரன்சுக்கு மேலேயுள்ள ஃபியேசொலே குன்றில் அமைந்திருந்த புனித தோமினிக் சபையாரின் மடத்தில் சேர்ந்தார். அவருடைய சகோதரர் பெனதெத்தோவும் அங்கேயே துறவியானார். பெனதெத்தோ கையெழுத்துப் படிகள் எழுதுவதில் வல்லவர். 1423ஆம் ஆண்டில் நம் ஓவியர் சகோதரர் ஜொவான்னி என்ற துறவறப் பெயரோடு காணப்படுகிறார். வாழ்ந்தபோது எல்லாரும் அவரை அழைத்தது அந்தப் பெயரால்தான். ஆஞ்சலிக்கோ, அதாவது வானதூதரைப் போன்றவர் என்பது, அவர் இறந்தபின் மக்கள் அன்போடு சூட்டிய பெயர்.

அவர் சேர்ந்த மடத்தைப் பற்றி ஒரு செய்தி நம் கவனத்துக்கு உரியது. அதை நிறுவியவர் அருளாளர் ஜொவான்னி தொமினிச்சி. சபையின் தொடக்ககால எளிமைக்குத் திரும்ப வேண்டும் என்று உழைத்த சீர்திருத்தவாதி அவர். பிற்காலத்தில் கர்தினாலாகி 1419ஆம் ஆண்டில் இறந்தார். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பில் இருந்த ஒரு குடும்பப் பெண்ணுக்கு வழிகாட்டியாக அவர் ஒரு நூல் எழுதினார். அதில் வீட்டில் வைக்க வேண்டிய படங்களைப் பற்றியும் பேசுகிறார்.

பிள்ளை தொட்டில் பருவத்தில் இருக்கும்போதே அதன் கண்ணில் படும்படி புனிதப் படங்களை வைக்கச் சொல்கிறார். தாயிடம் பால் குடிக்கும் குழந்தை இயேசு, அன்னையின் மடியில் உறங்கும் இயேசு, ஒட்டக மயிராடை அணிந்த சிறுவன் யோவான் ஆகியோரின் படங்கள் ஆண்பிள்ளைகளுக்கு. ஆட்டுக்குட்டியோடு நிற்கும் ஆக்னஸ், ரோஜா முடி சூடிய செசிலியா ஆகியோர் பெண்பிள்ளைகளுக்கு. மாசில்லாக் குழந்தைகள் கொல்லப்படும் படத்தைப் பார்த்தால், ஆயுதங்கள் மீதே பிள்ளைகளுக்கு வெறுப்பு வரும் என்பதும் அவர் கருத்து. தன்னைப் போன்ற ஒரு குழந்தையைப் படத்தில் பார்த்து மகிழும் பிள்ளை, நாளடைவில் அந்தப் புனிதரைப் போலவே ஆக விரும்பும் என்று அவர் நம்பினார். கூடவே ஓர் எச்சரிக்கையும் தந்தார். படத்தில் பொன்னும் வெள்ளியும் மிகுந்தால், பிள்ளை ஆண்டவரை வணங்குவதற்குப் பதிலாகப் பொன்னை வணங்கக் கற்றுக்கொள்ளும் என்பதே அது. 600 ஆண்டுகளுக்கு முன் சொன்னது. வண்ண விளக்குத் தோரணங்களுக்கு நடுவே ஆண்டவர் முகம் தெரியாமல் போகும் நம் வீட்டுப் பீடங்களுக்கும் இது பொருந்தும் அல்லவா?

இப்படிப்பட்ட ஒருவர் நிறுவிய மடத்தில்தான் சகோதரர் ஜொவான்னி செபிக்கவும் வரையவும் கற்றுக்கொண்டார். ஓவியத்தால் வரும் வருமானம் அவருக்கு அல்ல, மடத்துக்கே சேரும். 1433ஆம் ஆண்டில் ஃபிளாரன்ஸ் நகரச் சணல்துணி வணிகர்களின் சங்கம் தங்கள் மண்டபத்துக்கு ஒரு பெரிய மாதா படத்தை அவரிடம் கேட்டது. ஒப்பந்தம் இன்றும் உள்ளது. அதிகபட்சக் கூலி 190 பொற்காசுகள். அதில் எவ்வளவு குறைத்து வாங்குவது என்பதை அவருடைய மனச்சான்றுக்கே விட்டுவிடுவதாக அதில் எழுதியிருக்கிறார்கள். வணிகர்கள் இப்படி ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள் என்றால், அந்த மனிதரின் நேர்மையை அவர்கள் எவ்வளவு நம்பியிருக்க வேண்டும்!

நம் புதுவீட்டுக் கூடத்தில் மேளம் தட்டிக்கொண்டிருந்த வானதூதர் பிறந்தது அந்தப் படத்தில்தான். ஆளுயரத்துக்கும் மேற்பட்ட பெரிய படம் அது. நடுவில் அன்னை மரியா குழந்தை இயேசுவோடு அமர்ந்திருக்கிறார். அவரைச் சுற்றியுள்ள சட்டத்தில் 12 வானதூதர்கள் இசைக்கருவிகளோடு நிற்கிறார்கள். இன்று உலகெங்கும் வாழ்த்து மடல்களிலும் அச்சுப்படங்களிலும் நாம் காண்பது அந்தப் பன்னிருவரில் ஒருவரையோ இருவரையோ தனியே வெட்டி எடுத்த படங்களைத்தான். அழகான படங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வானதூதர் யாருக்காக மேளம் தட்டுகிறாரோ, அந்த ஆண்டவரையும் அன்னையையும் நாம் வெளியே விட்டுவிட்டோம்.

ஃபியேசொலே மடத்தின் கோவிலுக்கு அவர் வரைந்த மங்கள வார்த்தை ஓவியம் இப்போது மத்ரித் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ளது. வலப்புறம் மரியா வானதூதரின் செய்தியைத் தலைதாழ்த்திக் கேட்கிறார். இடப்புறத்தில் தோட்டத்தைவிட்டு வெளியேறும் ஆதாமும் ஏவாளும். மனிதர் இழந்ததையும் இறைவன் மீட்டுத் தந்ததையும் ஒரே படத்தில் வைத்துவிட்டார். பிள்ளைக்கு ஞானோபதேசம் சொல்லித்தர ஒரு பெற்றோருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

1436ஆம் ஆண்டில் திருத்தந்தை நான்காம் யூஜின், ஃபிளாரன்ஸ் நகருக்குள் இருந்த சான் மார்கோ மடத்தைத் தோமினிக் சபையாருக்கு அளித்தார். பாழடைந்து கிடந்த அதைச் செல்வந்தர் கோசிமோ தெ மெதிச்சி தம் செலவில் மறுபடியும் கட்டித் தந்தார். கட்டட வல்லுநர் மிக்கெலொட்சோ. 1443ஆம் ஆண்டு திருக்காட்சிப் பெருவிழா அன்று திருத்தந்தையின் முன்னிலையில் கோவில் அருள்பொழிவு செய்யப்பட்டது. அந்த ஆண்டுகளில் சகோதரர் ஜொவான்னி தம் உதவியாளர்களோடு மடத்துச் சுவர்களில் வரைந்தார். மாடியில் துறவியர் தங்கும் சிற்றறைகள் நாற்பதுக்கும் மேற்பட்டவை. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு சன்னல், அதன் அருகே சுவரில் ஓர் ஓவியம். ஈரச் சாந்து காய்வதற்குள் வரைந்து முடிக்க வேண்டிய சுவரோவியங்கள் அவை.

இந்த ஓவியங்கள் எங்கே இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். அக்காலத்தில் பெரிய ஓவியரின் வேலையை ஊரே வந்து பார்க்கும். இவரோ ஒரே ஒருவர் படுத்து எழும் அறைக்குள் போய் வரைந்தார். அந்த அறைவாசியைத் தவிர வேறு யாரும் அன்றாடம் பார்க்கப்போவதில்லை. பாராட்டப் போவதும் இல்லை. ஆனால் அந்த ஒருவர் கண்விழிக்கும்போதும், படிக்கும்போதும், உறங்கப் போகும்போதும், நோயில் கிடக்கும்போதும், ஆண்டுக்கணக்கில் அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது ஏறக்குறைய நம் வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தின் நிலைதான்.

எனவே அறையில் இருப்பவருக்குத் தக்கபடி அவர் வரைந்தார். புதிதாகச் சேர்ந்த நவதுறவியரின் அறைகளில் ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப வருகிறது. சிலுவையில் ஆண்டவர், சிலுவையடியில் புனித தோமினிக். ஆனால் ஒவ்வோர் அறையிலும் புனிதரின் செபநிலை வேறு. ஓர் அறையில் முழந்தாளிட்டிருக்கிறார், மற்றொன்றில் கைகளை விரித்திருக்கிறார், வேறொன்றில் முகத்தை மூடி அழுகிறார். செபிக்கத் தெரியாத இளைஞனுக்குச் சுவரே செபிக்கக் கற்றுத்தந்தது.

7ஆம் அறையில் ஆண்டவர் ஏளனம் செய்யப்படும் காட்சி. கண்கள் கட்டப்பட்ட நிலையில் வெண்ணிற ஆடையோடு இயேசு அமர்ந்திருக்கிறார். அவரை அடிக்கும் கைகள் தெரிகின்றன. துப்பும் முகம் தெரிகிறது. ஆனால் அடிப்பவர்களின் உடல்கள் வரையப்படவில்லை. கீழே அன்னை மரியா துயரத்தோடு அமர்ந்திருக்கிறார், தோமினிக் மடியில் நூலை வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார். அடித்த கைகள் யாருடையவை என்ற கேள்விக்கு அந்த அறையில் வாழ்ந்தவர் ஒவ்வொரு நாளும் தானே விடை தேட வேண்டியிருந்திருக்கும்.

மாடிப்படி ஏறி முடிக்கும் இடத்தில், எல்லாரும் கடந்துபோகும் சுவரில், பெரிய மங்கள வார்த்தை ஓவியம் உள்ளது. அதன் அடியில், இப்படத்தைக் கடந்து செல்பவர் அருள்நிறை மரியே செபத்தைச் சொல்ல மறக்கக் கூடாது என்ற பொருளில் இலத்தீனில் எழுதப்பட்டிருக்கிறது. பார்த்துவிட்டுப் போவதற்கு அல்ல, பார்த்துச் செபிப்பதற்கே இந்தப் படம் என்பதைச் சுவரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

3ஆம் அறையிலும் இதே மங்கள வார்த்தைக் காட்சி. ஆனால் இங்கே தோட்டம் இல்லை, அலங்காரத் தூண்கள் இல்லை. வெறும் வெள்ளைச் சுவர், வானதூதர், முழந்தாளிட்ட மரியா, ஓரத்தில் கைகூப்பி நிற்கும் மறைசாட்சியான புனித பேதுரு. அவ்வளவுதான். பொற்பூச்சும் விலையுயர்ந்த நீல வண்ணமும் ஃபிளாரன்சில் பணக்காரப் படங்களின் அடையாளமாக இருந்தன. துறவியரின் அறைகளில் அவர் அவற்றைப் பெரும்பாலும் தவிர்த்தார். வரையத் தெரியாமல் அல்ல. வணிகர் சங்கத்துக்குப் பொன்னால் இழைத்துக் கொடுத்த அதே கைதான் இது. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவரின் அறைக்கு எது தகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அக்காலத்தில் சான் மார்கோ மடத்தின் தலைவராக இருந்தவர் புனித அந்தோனினுஸ். அவரும் தம் இறையியல் நூலில் ஓவியர்களைக் கண்டித்திருக்கிறார். புனிதர் வரலாற்றை வரையும்போது குரங்குகளையும், முயலைத் துரத்தும் நாய்களையும், வீண் ஆடம்பர ஆடைகளையும் சேர்ப்பது பக்தியை எழுப்பாது, சிரிப்பையே எழுப்பும் என்பது அவர் வாதம். ஓர் ஓவியர் அழகாக வரைந்துவிட்டார் என்பதாலேயே அது செபத்துக்கு உதவும் படமாகிவிடாது. வாங்கும் நாமும் இதை நினைவில் கொள்ளலாம்.

பிறகு திருத்தந்தை அவரை உரோமைக்கு அழைத்தார். அடுத்து வந்த திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ், வத்திக்கான் மாளிகையில் தம் சொந்தச் சிற்றாலயத்தை வரையும் பணியைத் தந்தார். புனித ஸ்தேவான், புனித லாரன்ஸ் ஆகியோரின் வாழ்க்கைக் காட்சிகள் அங்கே உள்ளன. லாரன்ஸ் ஏழைகளுக்குப் பொருள் வழங்கும் காட்சியில் பார்வையற்றவரும், நடக்க இயலாதவரும், குழந்தைகளும் அவரைச் சூழ்ந்து நிற்கிறார்கள்.

ஃபிளாரன்ஸ் பேராயர் பதவியைத் திருத்தந்தை அவருக்கே தர விரும்பினார் என்றும், தமக்குத் தகுதியில்லை என்று கூறி அந்தோனினுசைப் பரிந்துரைத்தார் என்றும் ஒரு மரபுச் செய்தி உண்டு. 1446ஆம் ஆண்டில் அந்தோனினுஸ் பேராயரானது வரலாறு. ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய வசாரி மேலும் சில செய்திகளைத் தருகிறார். செபிக்காமல் அவர் தூரிகையை எடுத்ததில்லையாம். பாடுபட்ட ஆண்டவரை வரையும்போதெல்லாம் கண்ணீர் வழியுமாம். திருத்தந்தை தம் உணவு மேசையில் இறைச்சி உண்ணச் சொன்னபோது, தம் மடத்துத் தலைவரின் அனுமதி இல்லையே என்று தயங்கினாராம். இவை செவிவழி வந்தவை. ஆனால் அவருடைய படங்களுக்கு முன் சற்று நேரம் அமைதியாக இருந்தவர்களுக்கு இவற்றை நம்புவது கடினமாக இராது.

1450ஆம் ஆண்டளவில் ஃபியேசொலேக்குத் திரும்பித் தம் மடத்தின் தலைவராகப் பணியாற்றினார். மறுபடியும் உரோமைக்குச் சென்ற அவர், 1455ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் அங்கே மினெர்வா மாதா கோவிலை ஒட்டிய மடத்தில் இறந்தார். அக்கோவிலிலேயே அடக்கம் செய்யப்பட்டார். கல்லறை மீதுள்ள இலத்தீன் வரிகள், பெரிய ஓவியர் என்று தம்மைப் புகழ வேண்டாம், தாம் ஈட்டியதையெல்லாம் கிறிஸ்துவின் ஏழைகளுக்குக் கொடுத்ததையே நினைக்கட்டும் என்று அவரே கேட்பதுபோல அமைந்துள்ளன. மக்கள் பல நூற்றாண்டுகளாக அவரை அருளாளர் என்றே அழைத்துவந்தனர். திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1982ஆம் ஆண்டில் அதை அதிகாரப்பூர்வமாக உறுதிசெய்தார். 1984ஆம் ஆண்டில் கலைஞர்களின் பாதுகாவலராகவும் அறிவித்தார்.

சான் மார்கோ மடம் 1869ஆம் ஆண்டில் அருங்காட்சியகமானது. ஒருவர் மட்டும் பார்க்க வரையப்பட்ட படங்களை இன்று உலகமே வரிசையில் நின்று பார்க்கிறது. அச்சுக்கலையின் உதவியால் அவை நம் வீட்டுக்கும் வந்துவிட்டன. அன்று ஒரு பொற்காசுப் பை இல்லாமல் கிடைக்காத படம், இன்று ஓர் எளிய குடும்பத்தின் கைக்கும் எட்டும். நல்ல தாளில், நிறம் மாறாமல் அச்சிட்ட ஒரு படத்தை வாங்கிச் சட்டமிடுவது வீண் செலவு அல்ல. இறைவனுக்குரியதை அழகாக வைப்பதும் ஒரு வணக்கமே. 787ஆம் ஆண்டில் நடந்த இரண்டாம் நீசேயா பொதுச்சங்கம் கற்பித்தபடி, படத்துக்கு நாம் செலுத்தும் மரியாதை, படத்தில் இருப்பவரையே சென்று சேர்கிறது.

அப்படியென்றால் அந்தப் புதுவீட்டில் என்ன சொன்னேன்? வானதூதர் படத்தை எடுக்கச் சொல்லவில்லை. அவர் யாருக்காக இசைக்கிறார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், முடிந்தால் அதே ஓவியத்தின் நடுவிலுள்ள அன்னையின் படத்தையும் வாங்கி அருகில் வையுங்கள் என்றேன். பத்துப் படங்கள் வேண்டாம், குடும்பம் கூடி அமரும் இடத்தில், பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில், நின்று செபிக்க இடம்விட்டு, ஒரு படம் போதும் என்றேன். தொலைக்காட்சிக்கு மேலே மாட்டினால் கண்கள் எங்கே போகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளின் அறையில் அவர்களுடைய பெயர்கொண்ட புனிதரின் படத்தையோ, குழந்தை இயேசுவின் படத்தையோ வைக்கலாம். மந்திரித்த படம் முற்றிலும் சிதைந்துபோனால் குப்பையில் எறியக் கூடாது, எரித்துவிடலாம், அல்லது மண்ணில் புதைத்துவிடலாம்.

பிறகு பரணிலிருந்த பாட்டியின் படத்தை இறக்கச் சொன்னேன். சேலையைப் பிரித்தார்கள். சாதாரண அச்சுப்படம்தான். நிறம் மங்கியிருந்தது. ஆனால் கண்ணாடிக்கு மேலே சட்டத்தின் அடிப்பகுதி மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. ஐம்பது ஆண்டுகளாக ஒவ்வொரு மாலையும் ஏற்றிவைத்த விளக்கின் புகை அது. எத்தனை பிள்ளைப்பேற்றுக்கும், எத்தனை நோய்க்கும், வேலைக்கும், திருமணத்துக்கும், சாவுக்கும் அதன் முன் முழந்தாளிட்டிருப்பார்கள்! வீட்டம்மா துணியால் கண்ணாடியைத் துடைத்தார். சட்டத்திலிருந்த கரியைத் துடைக்கப் போனவர், கையை எடுத்துக்கொண்டார்.

சகோதரர் ஜொவான்னி இருந்திருந்தால் தம் படத்தைவிட அந்தப் படத்தின் முன்தான் முதலில் முழந்தாளிட்டிருப்பார் என்று நினைக்கிறேன். அன்று அந்தப் படத்தைத்தான் மந்திரித்து, கூடத்தில் மாட்டினோம். மேளம் தட்டும் வானதூதர் இப்போது அதற்கு அடுத்த சுவரில் இருக்கிறார்.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் படத்தின் முன் கடைசியாக எப்போது விளக்கேற்றினீர்கள்? இன்று மாலை, ஐந்து நிமிடம் போதும், குடும்பமாக அதன் முன் நின்று பாருங்கள்.

அருளாளர் ஆஞ்சலிக்கோவே, எங்கள் இல்லங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.